வராத பஸ், வராத மலர்

தம்போய் ஊரில் சதாசிவம் குடியிருக்கும் சந்தில் எதிரெதிரே இரண்டு கார்கள் வந்தாலே ஒன்று பின்வாங்கியாக வேண்டும். அந்தச் சந்துக்குள் ஒரு சனிக்கிழமை காலை, தொழிற்சாலை பஸ் ஒன்று முக்கி முனகி நுழைந்து, அவர் வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி தன் பூந்தொட்டிகளை அவசரமாக உள்ளே இழுத்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓட்டுநர் முதலில் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டார். பிறகுதான் கேட்டைத் தட்டினார்.

ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த சுகுமாறனுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. "அத்தான், கேஸு வருது!" என்றான்.

சுகுமாறன் சதாசிவத்தின் மனைவிக்குத் தம்பி. கார் உதிரிபாகம் விற்கிறவன். அக்காள் கைத் தோசைக்காக வருவதாகச் சொல்லிக்கொண்டாலும், சனிக்கிழமை தவறாமல் அவன் வருவது அத்தானைத் தேடி யாராவது பிரச்சினையோடு வருவார்களா என்று பார்க்கத்தான். ஆள் தங்கம், ஆனால் அவசரக்குடுக்கை. வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான். என்ன, ஒவ்வொரு முறையும் வேறு ஆளாக இருக்கும்.

சதாசிவம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்த வாரத்துக்கான சட்டைகளைத் தன் கையாலேயே தேய்த்தால்தான் அவருக்குத் திருப்தி. சூடான இஸ்திரிப் பெட்டியைப் பிடித்திருக்கிறவன் அவசரப்பட மாட்டான் என்பது அவர் கட்சி. வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

வந்தவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஐயா, என் பேரு ஹேமநாதன். உலு திராம்ல லெட்சுமணன் பாஸோட பஸ் ஓட்டுறேன். காலைல பெக்டரிக்கு ஆளுங்கள ஏத்திட்டுப் போவேன், சாயங்காலம் கொண்டாந்து விடுவேன். நான் செய்யாத ஒண்ணைச் செஞ்சேன்னு சொல்றாங்க. அதுகூடப் பரவால்ல லா. ஆனா..."

"அந்த ஆனாவைச் சொல்லுங்க" என்றார் சதாசிவம், காலர் மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னோட முதல் ஸ்டாப்புல ஒருத்தங்கதான் ஏறுவாங்க. மலர்னு பேரு. சாயங்காலம் எல்லாரும் இறங்கினப்புறம் கடைசியா இறங்குறதும் அவங்கதான். கடைசி ரெண்டு மைலு நாங்க ரெண்டு பேரு மட்டும் போவோம். பல வருஷமா அப்படித்தான். பேசிக்கிட்டே போவோம். புதன்கெழம சாயங்காலம் அவங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?" சுகுமாறனால் பொறுக்க முடியவில்லை.

ஹேமநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "கல்யாணம் பண்ணிக்கலாமான்னு."

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. அக்காள் காதைத் தீட்டிக்கொண்டுவிட்டாள் என்று சுகுமாறனுக்குப் புரிந்தது.

"அவங்க வீட்டுக்காரரு தவறிப்போயி ரொம்ப நாளாச்சு. எனக்கு அம்மாவைப் பாத்துக்கிட்டே காலம் போயிருச்சு. இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம், நாளைக்குக் காலைல பஸ் ஏறும்போது சொல்லுங்கன்னேன். வேணாம்னா எதுவும் சொல்ல வேணாம், நானா மறுபடி அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன், போன் பண்ணித் தொந்தரவும் பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அன்னிக்கு ராத்திரி பிறை பாத்து அறிவிச்சாங்க. வியாழக்கெழம நோன்பு ஆரம்பம். நோன்பு மாசம் பூரா பெக்டரி அரை மணி முன்னாலயே தொடங்கும். பஸ்ஸும் எல்லா ஸ்டாப்புலயும் அரை மணி முன்னாலயே நிக்கும். புது நேரம் ஆபீஸ்லேருந்து எல்லாருக்கும் மெசேஜ்ல போயிரும். நான் சரியா போயி நின்னேன். பள்ளிவாசல்ல அப்பத்தான் விடியக்காலத் தொழுகைக்கு சுபுஹு பாங்கு சொல்ல ஆரம்பிச்சாங்க. பாங்கு முடிஞ்சும் நின்னேன். அவங்க வரல."

"அதுவே பதில்னு எடுத்துக்கிட்டீங்க" என்றார் சதாசிவம்.

"ஆமாங்கய்யா. மனசு ஒடஞ்சுதான் போச்சு, ஆனா அது அவங்க இஷ்டம். அப்புறம் பாஸு கூப்புட்டு, 'மலர் போன் பண்ணிச்சு, பஸ்ஸே வரலயாம், அந்தப் புள்ளைய விட்டுட்டுப் போயிட்டியா'ன்னு ஏசுறாரு. நேத்து அவங்க வேலைக்கே வரல. பெக்கோக்ல அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்களாம். இனிமே அந்த ஸ்டாப்புக்கு பஸ் வர வேணாம்னும் சொல்லிட்டாங்களாம்." ஹேமநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேணாம்னு சொல்லியிருந்தா நான் தாங்கிக்குவேன். ஆனா நான் கேட்டுட்டு பயந்து ஓடிட்டேன்னு அவங்க நெனச்சுக்கிட்டு இருந்தா? அதை எப்படிய்யா தாங்குறது? போன் பண்ணவும் முடியாது, சத்தியம் பண்ணிட்டேன்."

சதாசிவம் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். பாதிச் சட்டை தேய்த்தபடி அவர் நிறுத்தி சுகுமாறன் பார்த்ததே இல்லை.

"அந்த ஸ்டாப்பைப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

இப்படியாக இருவரும் காலி பஸ்ஸில் ஏறி உலு திராமுக்குப் புறப்பட்டார்கள். பாதி வழியில் சுகுமாறன் அத்தானின் காதோடு காதாகத் தன் கண்டுபிடிப்பைச் சொன்னான். "இந்த ஆளு தூங்கிட்டாரு அத்தான். முந்தின ராத்திரி இவருக்கு எங்க தூக்கம் வந்திருக்கும்? விடியக்காலம் கண்ணசந்து, லேட்டா எந்திரிச்சு, நேரா ரெண்டாவது ஸ்டாப்புக்குப் போயிட்டாரு. அவ்ளோதான் கேஸு."

"இருக்கலாம்" என்றார் சதாசிவம். அவர் 'இருக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். சுகுமாறன் வாயை மூடிக்கொண்டான்.

முதல் ஸ்டாப் ஊர் எல்லையில், எண்ணெய்ப்பனைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் இருந்தது. தகரக் கூரை போட்ட ஒரு நிழற்குடை, எதிரே ஒரு சின்னப் பள்ளிவாசல், பக்கத்தில் நவ்சாத்தின் சாப்பாட்டுக் கடை, அவ்வளவுதான். நோன்பு மாதம் என்பதால் கடை பாதி மூடியிருந்தது. உள்ளே நவ்சாத் மாலைக் கஞ்சிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஹேமநாதனைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"வியாழக்கெழம காலையா? ஞாபகம் இருக்கே. முதல் நோன்பாச்சே, நான் தொழப் போறேன், அப்ப இவரு பஸ் இங்கதான் நின்னுச்சு. இவரு கீழ இறங்கி ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. சலாம் சொன்னேன், காதுலயே விழல."

சுகுமாறனின் முதல் குற்றவாளி கையை விட்டுப் போனார்.

"மலர் இருந்தாங்களா?" என்று கேட்டார் சதாசிவம்.

"அப்ப இல்ல. தொழுதுட்டு வெளிய வந்தப்ப அவங்க தனியா நின்னுக்கிட்டு இருந்தாங்க. பஸ் போயிருச்சேக்கான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனா தலை நெறைய மல்லிப்பூ, நெத்தில பொட்டு, பளிச்சுனு இருந்தாங்க. சரி, இன்னிக்கு லீவு போல, எங்கயோ விசேஷத்துக்குப் போறாங்கன்னு நெனச்சு விட்டுட்டேன். சொல்லியிருக்கணுமோ?"

"நல்லதுக்குத்தான் நினைச்சீங்க, விடுங்க" என்றார் சதாசிவம்.

சுகுமாறன் துள்ளினான். "அப்ப அந்தம்மாதான் லேட்டு! தான் லேட்டா வந்துட்டு, பஸ் வரலன்னு பழியைத் தூக்கி..."

"மலர் ஒரு நாளும் லேட்டா வந்தது இல்லீங்க." ஹேமநாதனின் குரலில் முதல் முறையாகக் கோபம் தெரிந்தது. தன் மேல் பழி வந்தபோது தலையைக் குனிந்துகொண்ட மனிதர், அவள் மேல் பழி வந்ததும் நிமிர்ந்து நின்றார். சுகுமாறனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த ஆளை அவனுக்குப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான்.

"பெக்டரியில அவங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார் சதாசிவம்.

"கம்ப்யூட்டர் சிப்பு செய்யுற எடங்கய்யா. உள்ள ஒரு தூசி போகக் கூடாது. தலையிலேருந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு மாட்டிவிட்டுத்தான் உள்ள விடுவாங்க."

சதாசிவம் தலையாட்டிக்கொண்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் நிழற்குடையைத் திரும்பிப் பார்த்தபடியே இருந்தார்.

லெட்சுமணனின் பஸ் கொட்டகை ஒரு வொர்க்ஷாப்புக்குப் பின்னால் இருந்தது. சிமெண்டுத் தரையில் பஸ் நிறுத்தும் இடங்களுக்கு வரிசையாக எண் போட்டிருந்தார்கள். ஒன்று என்று எழுதிய இடத்தில் மட்டும் பஸ் இல்லை. அங்கே இடுப்புயர மாடத்தில் ஒரு பிள்ளையார் அருகம்புல் மாலையோடு உட்கார்ந்திருந்தார். அலுவலகச் சுவரில் சாவி மாட்டும் கொக்கிகளிலும் அப்படியே. முதல் கொக்கியில் சாவி இல்லை, ஒரு துண்டு மல்லிகைச் சரம் தொங்கியது. சதாசிவம் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க கம்பெனில ஒண்ணாம் நம்பரு எப்பவும் பிள்ளையாருக்கு" என்றார் லெட்சுமணன். வாட்டசாட்டமான மனிதர், மெல்லப் பேசினாலும் அதட்டுவது போலவே இருக்கும். "அப்பா காலத்து வழக்கம். பஸ்ஸே ரெண்டுலதான் ஆரம்பிக்கும். சரி, ஐயா வந்த விஷயம்? இவன் கூட்டியாந்தானா? நான் கோவக்காரன், ஆனா அநியாயக்காரன் இல்லீங்க. ஒரு பொம்பளைப் புள்ளைய விடியாத நேரத்துல நடுரோட்டுல விட்டுட்டுப் போறது தப்பா இல்லையா?"

"தப்புதான். அப்படி நடந்திருந்தா" என்றார் சதாசிவம். "அவங்க பேசினது ஏதாவது இருக்கா?"

கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள். லெட்சுமணனின் மகள் பிரவீனா. சிங்கப்பூரில் சாப்ட்வேர் வேலை பார்க்கிறாள், விடுமுறை நாளில் அப்பாவின் அலுவலகத்துக்கு வந்து உதவுவாள். "வாய்ஸ் மெசேஜ் இருக்கு அங்கிள்" என்று போனைத் தட்டினாள்.

மலரின் குரல் மெல்லியதாக வந்தது. "பாஸ், நான் மலர் பேசுறேன். பஸ் வரலீங்க. மெசேஜ்ல போட்டிருந்த நேரத்துக்கு முன்னாலயே வந்துட்டேன். தொழுதுட்டு எல்லாரும் வீட்டுக்கே போயிட்டாங்க. இன்னும் வரல. ஹேமா அண்ணனுக்கு..." குரல் அங்கே ஒரு கணம் நின்றது. "அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நல்லா இருக்காரு இல்ல? அது மட்டும் சொல்லுங்க போதும்."

ஹேமநாதன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேட்டதுக்கு, அவன் நல்லாத்தான் இருக்கான், பெக்டரிக்குப் போய்ச் சேந்துட்டான்னு சொன்னேன்" என்றார் லெட்சுமணன். சொன்ன பிறகுதான் அந்தப் பதில் அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சதாசிவம் பிரவீனாவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாங்கு சொல்லும்போது இவர் நின்னாரு. தொழுகை முடிஞ்சு ஆளுங்க வரும்போது அவங்க நின்னாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல, நவ்சாத்தே சாட்சி. நடுவுல இருக்கறது அரை மணி நேரம். அவங்களுக்குப் போன மெசேஜைப் பாக்கலாமாம்மா?"

"பாக்கலாம், ஆனா அதுல தப்பு இருக்க சான்ஸே இல்ல அங்கிள்" என்றபடி பிரவீனா தேடி எடுத்தாள். பார்த்தவள் நாற்காலியை முன்னால் இழுத்து இன்னொரு தடவை படித்தாள். மற்ற ஸ்டாப்புகளுக்கெல்லாம் நோன்பு நேரம் போயிருந்தது. மலருக்கு மட்டும் பழைய நேரமே போயிருந்தது.

"அலமாக், கடவுளே!" என்றார் லெட்சுமணன்.

"யாரோ கையால மாத்தியிருக்காங்க!" என்று எழுந்தே விட்டான் சுகுமாறன். "இதுக்கு பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட மட்டும்தான்" என்றாள் பிரவீனா, ஈனக் குரலில்.

"ஒரே ஒரு ஆளுக்காக அவ்வளவு தூரம் பஸ் போறது வேஸ்டுன்னு இந்த ஆபீஸ்ல யாராவது சொன்னதுண்டா?"

லெட்சுமணன் மெதுவாக மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சுகுமாறன் பார்த்தான். "நீதானம்மா சொன்ன, போன மாசம்" என்றார் அவர்.

"சொன்னேன்ப்பா. அதுக்காக இப்படிச் செய்வேனா?" அவள் கண்கள் நிரம்பிவிட்டன. "ஒண்ணு மட்டும் மாறாம இருக்கவே முடியாது அங்கிள். எல்லா ஸ்டாப்போட நேரத்தையும் ஒரு அரேல வச்சிருக்கோம். வரிசையா அறைங்க மாதிரி. ஒவ்வொரு அறைலயும் ஒரு ஸ்டாப்போட நேரம் இருக்கும். நோன்பு வந்தா ஒவ்வொண்ணா மாத்துறது இல்ல. அரை மணி கழின்னு கணக்கை ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கு. லூப் ஒவ்வொரு அறையா போயி அதையே செஞ்சுட்டு வரும். மறதி கிடையாது, வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது. மாறினா எல்லாருக்கும் மாறும், இல்லன்னா ஒருத்தருக்கும் மாறாது. மூர்த்தி அங்கிள் இங்க கிளார்க்கா இருந்தப்ப எழுதினது. இத்தனை நோன்பு மாசம் ஓடியிருக்கு, ஒரு தடவை தப்பினது இல்ல. நான் அந்தக் கணக்கைத் தொடவே இல்ல."

சுகுமாறன் அத்தானைப் பார்த்தான். குற்றவாளி கிடைத்துவிட்டாள் என்ற உற்சாகம் அவனுக்கு வரவில்லை. அழுகிற பெண் உண்மையைச் சொல்கிறாள் என்றுதான் தோன்றியது. அப்படியானால் யார்?

சதாசிவம் தன் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். அது நேர்த்தியாக இஸ்திரி போட்டிருந்தது.

"யாரும் கை வைக்கலம்மா, அழாதீங்க. எனக்கு உங்க தொழில் தெரியாது. ஒரே ஒரு கேள்வி. எல்லாருக்கும் எல்லாருக்கும்னு சொல்றீங்களே, அந்த எல்லாரும் எங்கேருந்து ஆரம்பிக்குது?"

"முதல் அறைலேருந்து..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.

"இந்தக் கொட்டகையில முதல் இடத்துல பஸ் நிக்கறது இல்ல. முதல் கொக்கியில சாவி மாட்டறது இல்ல. இங்கேயே வேலை பாத்த மூர்த்தி, தான் எழுதினதுல மட்டும் முதல் அறையை மனுஷங்களுக்குக் கொடுத்திருப்பாரா?"

பிரவீனாவின் கை வாய்க்குப் போனது. "பிள்ளையார்! இருந்தாரு அங்கிள். முதல் அறைல பிள்ளையார்னு ஒரு ஸ்டாப் இருந்துச்சு. போன மாசம் பெக்டரிக்கு ரிப்போர்ட் அனுப்பினேன். அதைப் பாத்துட்டு மேனேஜர் கூப்புட்டு, யாரு இந்தப் பிள்ளையார், பஸ்ல பேரு இருக்கு, ஒரு நாள்கூட வேலைக்கு வரலயேன்னு கேட்டாரு. எனக்கு ஒரே வெக்கமா போச்சு. அந்த அறையை எடுத்துட்டேன்."

சிரிப்பு வந்தும் யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

அவள் விசைப்பலகையில் எதையோ தட்டி, கணக்கு எழுதியிருந்த இடத்துக்குப் போனாள். திரையில் விரலை வைத்தாள். "லூப் ரெண்டாவது அறைலதான் தொடங்குது. சாமிக்கு எதுக்கு நேரத்தை மாத்தணும்னு மூர்த்தி அங்கிள் தாண்டிப் போக வச்சிருக்காரு. நான் பிள்ளையாரை எடுத்ததும் எல்லாரும் ஒரு அறை முன்னால வந்துட்டாங்க. முதல் ஸ்டாப்பு அவரு இடத்துக்கு வந்துருச்சு. லூப் வழக்கம் போல முதல் அறையைத் தாண்டிப் போயிருச்சு."

"மத்த மாசத்துல அந்தக் கணக்குக்கு வேலையே இல்ல" என்றார் சதாசிவம். "அதனால தப்பு சத்தமில்லாம உக்காந்திருந்துச்சு. நோன்பு வந்ததும் வெளிய வந்துச்சு. பிறை பாத்தப்புறம்தான் எந்த நாள்னே தெரியும், அதனால எல்லாரும் மெசேஜைத்தான் நம்பி நிப்பாங்க. மலரும் அதை நம்பித்தான் நின்னாங்க. ஹேமநாதன், நாளைக்கு பஸ் முன்னாலயே வரும்னு நீங்களாவது அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

ஹேமநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "எங்கய்யா சொன்னேன்! கேக்க வேண்டியதைக் கேட்டுட்டு, பதில்கூட எதிர்பாக்காம பஸ்ஸை எடுத்துட்டு ஓடி வந்துட்டேன்."

பிரவீனா எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். "மன்னிச்சிருங்க அண்ணே" என்றாள். லெட்சுமணன் அவளை விலக்கிவிட்டு வந்து, தன் ஓட்டுநரின் தோளைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் காரின் சாவியை எடுத்து ஹேமநாதன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"பெக்கோக்குக்குப் போயிட்டு வாடா" என்றார்.

ஹேமநாதன் நகரவில்லை. "எப்படிப் போறது பாஸ்? பதில் வரலன்னா தொந்தரவு பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். இப்ப வாசல்ல போயி நின்னா, அவங்களைக் கட்டாயப்படுத்துற மாதிரி ஆயிடாதா?"

இந்த உலகத்தில் இப்படியும் ஒரு மனிதனா என்று சுகுமாறனுக்கு எரிச்சலும் அன்பும் ஒன்றாக வந்தன. சதாசிவம் மட்டும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"பதில் வரலன்னு யாரு சொன்னது? அவங்க பதிலோட வந்து நின்னாங்க ஹேமநாதன். வாங்கிக்கத்தான் அங்க நீங்க இல்ல. அது என்ன பதில்னு எனக்குத் தெரியாது. ஆனா அதை வாங்கிக்கப் போறது தொந்தரவு இல்ல, உங்க கடமை."

ஆண்டுக்கணக்காகப் பெரிய பஸ்ஸை ஓட்டியவர் அன்றைக்கு ஒரு சின்னக் காரை ஓட்டத் துணியாமல் சாவியை நீட்டினார். அதனால் சுகுமாறன் ஓட்டினான். வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது ஹேமநாதன் முகம் கழுவப் போனார். சுகுமாறன் அந்த இடைவெளியில் கேட்டுவிட்டான். "அத்தான், நெசமாவே உங்களுக்கு அந்தப் பதில் தெரியாதா?"

"தலையிலேருந்து கால் வரைக்கும் உடுப்பு மாட்டி வேலை செய்யறவங்க" என்றார் சதாசிவம். "தூசிகூடப் போகக் கூடாத எடத்துக்குப் பூ வச்சுக்கிட்டு யாரு போவா? பெக்டரி வாசல்ல அதை எடுத்துத்தான் ஆகணும். அப்ப அந்த மல்லிப்பூ பஸ்ல போற நேரத்துக்கு மட்டும்தான். அதைப் பாக்கறதுக்கு பஸ்ல யாரு இருக்கா?"

சுகுமாறனுக்குக் கண் கலங்கியது. "இதைப் போயி அவருகிட்ட..."

"கூடாது. அது அவங்க வாயால வரட்டும். நாம கண்டுபிடிச்சு சொல்ற விஷயம் இல்ல அது."

மிச்ச வழி முழுவதும் சுகுமாறன் பட்ட பாட்டை அவன்தான் அறிவான். ஹேமநாதன் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, என்ன சொல்வது, எதிலிருந்து தொடங்குவது என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். உண்மை தொண்டைக்குழி வரை வந்து நிற்க, சுகுமாறன் ரோட்டையே முறைத்துக்கொண்டு ஓட்டினான். அவ்வளவு நேரம் அவன் வாயைத் திறக்காமல் இருந்தது, பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

பெக்கோக்கில் மலரின் அக்காள் காளியம்மாவின் வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. மாலை மழை அப்போதுதான் விட்டிருந்தது. நனைந்துவிட்ட துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த மலர், கார் நிற்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஒல்லியான பெண். அழுது வீங்கிய கண்கள். ஹேமநாதனைக் கண்டதும் கையிலிருந்த துணிகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

சதாசிவமும் சுகுமாறனும் காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்கள். ஹேமநாதன் வேலி வரைக்கும் போனார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த எதுவும் அவர் வாயில் வரவில்லை.

"பிள்ளையாரை எடுத்துட்டாங்க மலர்" என்றார்.

"என்ன?"

"இல்ல, கம்ப்யூட்டர்ல. முதல் அறைல அவரு இருந்தாரு. அவரை எடுத்ததும் உங்க ஸ்டாப்பு அங்க வந்துருச்சு. அரை மணி கழிக்கணும், அது தாண்டிப் போயிருச்சு. எல்லாருக்கும் மாறுச்சு, உங்களுக்கு மட்டும் மாறல. நோன்புக்கு பஸ்ஸு முன்னாலயே வந்துருச்சு. நான் வந்தேன் மலர். உங்களுக்கு முன்னால வந்து நின்னேன். பாங்கு முடிஞ்சும் நின்னேன்."

மலருக்கு அறையும் புரியவில்லை, கணக்கும் புரியவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கடைசியில் சொன்னது மட்டும் புரிந்தது.

"வந்தீங்களா?" என்றாள்.

"வந்தேன்."

"நான்..." அவள் வேலிப் பக்கம் ஓர் அடி வந்தாள். "நல்லா வெளிச்சம் வர்ற வரைக்கும் அங்கயே நின்னேன். உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னுதான் மொதல்ல பயந்தேன். நல்லாத்தான் இருக்காருன்னு பாஸு சொன்னப்புறம்தான்..."

ஹேமநாதன் வேலியில் போட்டிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கேள்வியை மறுபடி கேட்க அவர் வாய் எழவில்லை. சத்தியம் பண்ணிய ஆள் அல்லவா, கேட்கவே மாட்டார் என்று சுகுமாறனுக்குத் தெரிந்தது. போய் நாலு வார்த்தை சொல்லிவிடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தவனை சதாசிவம் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. காளியம்மா வாசலுக்குக்கூட வரவில்லை. அடுப்படியில் நின்றபடியே, தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டாள்.

"மலரு! மாப்பிள்ளைய வேலிக்கு வெளியவே நிக்க வச்சா பேசுவ? புதன்கெழம ராத்திரியே எனக்கு போன் பண்ணி, சரின்னு சொல்லப் போறேன்க்கா, சரின்னு சொல்லப் போறேன்க்கான்னு தூங்கவே விடல. இப்ப அவரு வந்து நிக்கிறாரு, வாயத் தொறக்காம நிக்கிறியே. உள்ள கூப்புடு, சோறு ஆறிப்போவுது!"

"அக்கா!" என்று அலறினாள் மலர். முகத்தை ஈரத் துணிகளுக்குள் புதைத்துக்கொண்டாள். ஹேமநாதன் கம்பியை விடாமல் அப்படியே குந்தி உட்கார்ந்து, சின்னப் பிள்ளை போலக் குலுங்கி அழுதார். இங்கே சுகுமாறனும் அழுதுகொண்டிருந்தான். அவன் எதையும் மறைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மலர் துணியிலிருந்து முகத்தை எடுத்தாள். வந்து வேலிக் கதவைத் திறந்தாள்.

"எந்திரிங்க" என்றாள். "வாங்க, சாப்பிடலாம்."